பெயர் சுமக்கும் ஊர்

நுழையும்முன்

ஒவ்வோர் ஊருக்கும் இரு பெயர்கள் உண்டு. ஒன்று வரைபடத்தில் எழுதப்பட்டிருப்பது. மற்றொன்று மக்கள் வாயில் வழங்குவது. இரண்டாவது பெயரில் புகழும் கலந்திருக்கும், பழியும் கலந்திருக்கும். அப்பெயரை ஊருக்கு வெளியே இருப்போர் ஒருவகையாகவும் உள்ளே வாழ்வோர் வேறொரு வகையாகவும் பொருள்கொள்கின்றனர். இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றுகிறது? அதனால் மக்கள் வாழ்வில் விளைவன எவை? வடசென்னையின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

ஊரும் பேரும்

மதுரை என்றதும் 'தூங்கா நகரம்' என்பர். தஞ்சை என்றதும் நெல் நினைவுக்கு வரும். திருநெல்வேலி என்றதும் அல்வா நாவில் இனிக்கும். ஊர்களைப் பற்றிய இத்தகைய அடையாளங்கள் சுருக்கமானவை. நினைவில் வைத்துக்கொள்ள எளியவை. ஆயினும், அவை ஊரின் ஒரு கூறினை மட்டுமே காட்டுபவை. நெல்லையில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் அவ்வூரைப் பற்றிக் கேட்டால், அல்வாவைக் கடைசியாகத்தான் சொல்வார். தாமிரபரணியின் படித்துறையையோ, தாம் படித்த பள்ளியையோ முதலில் சொல்லக்கூடும்.

தமிழில் 'பேர்' என்னும் சொல் பெயரையும் குறிக்கும், புகழையும் குறிக்கும். 'பேரெடுத்தான்' என்றாலும் 'பேரைக் கெடுத்தான்' என்றாலும் நாம் பேசுவது ஒருவருடைய மதிப்பைப் பற்றியே. மனிதரைப் போலவே ஊரும் பேரெடுக்கிறது. பேர் கெடவும் செய்கிறது. மனிதர் தம் செயலால் பேர் பெறுகின்றார். ஊருக்குப் பேர் வருவதோ பெரும்பாலும் பிறர் செயலால். இதனை விளங்கிக்கொள்ள வடசென்னை தக்கதொரு சான்றாகும்.

புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே தொடங்கி, கடற்கரையோரமாக இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வழியே எண்ணூர் வரையிலும், உட்புறமாகப் பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் எனவும் விரிந்து கிடக்கும் நிலப்பரப்பே வடசென்னை. அங்குச் சென்றறியாத பலருடைய மனத்தில் இப்பெயர் எழுப்பும் காட்சிகள் சிலவே: நெருக்கமான குடியிருப்பு, புகைபோக்கி, குப்பைமேடு, அடிதடி. அங்கு வாழ்வோருக்கோ அது உழைப்பின் ஊர், விளையாட்டின் ஊர், பாட்டின் ஊர். இவ்விரு காட்சிகளுள் எது உண்மை என்று கேட்பதற்கு முன், அவை எங்கிருந்து வந்தன என்று கேட்பது பயனுடையது.

கோட்டைச் சுவரின் இருபுறம்

1639ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைக் கடற்கரையில் நிலம் பெற்றுக் கோட்டை அமைத்தனர். கோட்டைக்குள் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி 'வெள்ளையர் நகரம்' எனப்பட்டது. அதன் வடபுறத்தில் வணிகர், நெசவாளர், சாயமிடுவோர், துபாஷிகள், கூலித் தொழிலாளர் ஆகியோர் குடியேறிய பகுதி 'கறுப்பர் நகரம்' எனப்பட்டது. நகரம் தோன்றிய நாளிலேயே அதன் வடபகுதிக்குப் பெயர் சூட்டியவர்கள் அங்கு வாழாதவர்கள் என்பது கருதத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் போர்ச் சூழலில் கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் இடிக்கப்பட்டது. அது இருந்த இடத்தில்தான் இன்று உயர்நீதிமன்றம் நிற்கிறது. அதற்கு வடக்கே எழுந்த புதிய கறுப்பர் நகரத்திற்கு 1911ஆம் ஆண்டில் 'ஜார்ஜ் டவுன்' என்று பெயர் மாற்றப்பட்டது. அப்பெயரும் ஓர் அயல்நாட்டு மன்னருடையதே.

பெயர் எதுவாயினும் கோட்டை இப்பகுதியைச் சார்ந்தே வாழ்ந்தது. ஏற்றுமதிக்கான துணிகள் வெளுக்கப்பட்ட இடம் வண்ணாரப்பேட்டை. நெசவாளர்களுக்கென ஆளுநர் காலெட் காலத்தில் உருவான குடியிருப்பே காலடிப்பேட்டை. கோட்டைக்குக் குடிநீர் வழங்க 1772ஆம் ஆண்டில் கிணறுகள் தோண்டப்பட்டதும் கறுப்பர் நகரத்தில்தான். 'ஏழுகிணறு' என்னும் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகிறது. அந்த ஏழுகிணற்றுப் பகுதியில்தான் வள்ளலார் இராமலிங்கர் தம் இளமைக்காலத்தைக் கழித்தார். அருகிலுள்ள கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். வடக்கே திருவொற்றியூரோ கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட தேவாரத் தலம். 'கறுப்பர் நகரம்' என்னும் ஒற்றைத் தொடரில் இவை எவையும் அடங்கவில்லை.

உழைப்பு வளர்த்த நகரம்

தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் உள்ளது. பெரம்பூரில் தொடர்வண்டிப் பணிமனைகள் தோன்றின. 1955ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட இரயில்பெட்டித் தொழிற்சாலை இந்தியா முழுவதற்கும் பெட்டிகளைச் செய்து அனுப்பியது. 2018ஆம் ஆண்டில் 'வந்தே பாரத்' தொடர்வண்டியின் முதல் வடிவத்தையும் உருவாக்கியது. பக்கிங்காம் ஆலையும் கர்னாட்டிக் ஆலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரம்பூர்ப் பகுதியில் எழுந்து ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தன. துறைமுகமும் மீன்பிடித் துறையும் மேலும் பல்லாயிரம் குடும்பங்களை வாழ்வித்தன.

உழைப்போர் திரண்ட இடத்தில் உரிமைக்குரலும் எழுந்தது. நீண்ட பணிநேரமும் உணவுக்குப் போதாத இடைவேளையும் ஆலைத் தொழிலாளர்களை வருத்தின. அவர்களுடைய துயரைக் கண்ட செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் பி.பி. வாடியாவை அணுகினர். அதன் பயனாக 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் 'சென்னைத் தொழிலாளர் சங்கம்' தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் இதனைக் குறிப்பிடுவர். திரு.வி.க. இச்சங்கத்தின் துணைத்தலைவராகப் பணியாற்றினார். செந்தமிழில் மேடைப் பேச்சு வளர்ந்த களங்களுள் தொழிலாளர் கூட்டங்களும் அடங்கும். 1923ஆம் ஆண்டில் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே நாள் விழாவைச் சென்னையில் நடத்தியபோது, அவர் தேர்ந்த இரு இடங்களுள் ஒன்று உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையாகும்.

இன்று எட்டு மணிநேர வேலையை இயல்பானதாகக் கருதும் எவரும் அதற்கான போராட்டத்தில் வடசென்னைக்கும் பங்குண்டு என்பதை எண்ணுவதில்லை. 1990களில் அந்தப் பழைய ஆலைகள் மூடப்பட்டன. வேலை இழந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறை நிலையான ஊதியமின்றித் திண்டாடியது. 'அங்கே இளைஞர்கள் தெருமுனையில் நிற்கிறார்கள்' என்று வெளியார் சொல்லத் தொடங்கியபோது, அவர்கள் நிற்பதற்கு முன்பிருந்த இடம் ஆலைவாயில் என்பது மறக்கப்பட்டிருந்தது.

மணல் சொல்லும் செய்தி

சென்னையின் பெருமைகளுள் ஒன்றாக மெரினா கடற்கரையைச் சொல்வர். அதன் அகன்ற மணற்பரப்பு இயற்கை அளித்த கொடை என்றே பலர் நினைக்கின்றனர். அம்மணலின் வரலாறு வேறானது. வங்கக்கடலின் அலைகளும் நீரோட்டமும் இக்கரையோரமாக மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகின்றன. 1870களில் துறைமுகத்திற்கான தடுப்புச்சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, வடக்கு நோக்கிச் சென்ற மணல் அங்கே தடைபட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது, சாலைக்கு அருகிலிருந்த கடல் மெல்ல விலகியது, மெரினா அகன்றது. சுவருக்கு வடக்கே மணல் வந்து சேரவில்லை. அலைகள் மட்டும் வந்தன. இராயபுரம் முதல் திருவொற்றியூருக்கு அப்பாலும் கரை அரிக்கப்பட்டது. மீனவர் தெருக்களும் வீடுகளும் கோயில்களும் கடலுக்குள் போயின.

இன்று வடசென்னைக் கரையில் நெடுந்தொலைவுக்குப் பாறாங்கற்கள் கொட்டப்பட்டுள்ளன. கடலுக்குள் நீளும் 'தூண்டில் வளைவுகள்' அமைக்கப்பட்டுள்ளன. 'தெற்கே அழகிய கடற்கரை, வடக்கே கல்லும் முள்ளும்' என்று ஒப்பிட்டுப் பேசுவோர், ஒரே சுவரின் இருபுற விளைவுகளையே தாம் பேசுவதாக அறிவதில்லை.

மணலுக்கு நேர்ந்தது பிறவற்றிற்கும் பொருந்தும். 1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அதனைச் சார்ந்து உரம், வேதிப்பொருள் ஆலைகள் பெருகின. எண்ணூரை ஒட்டி அனல்மின் நிலையங்கள் எழுந்தன. நகரின் குப்பையைத் தாங்கும் இருபெரும் கிடங்குகளுள் ஒன்று கொடுங்கையூரில் அமைந்தது. மின்சாரம் நகர் முழுவதும் சென்றது. சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் தங்கியது. எரிபொருள் மாநிலமெங்கும் சென்றது. புகை மணலியில் தங்கியது. குப்பை பல தெருக்களிலிருந்து வந்தது. அதன் நாற்றம் ஓர் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

வெளியார் பார்வை

வெளியார் ஓர் ஊரைத் தம் கண்ணால் காண்பது குறைவு. செய்தித்தாளும் திரைப்படமும் பிறர் சொல்லும் கதைகளுமே பெரும்பாலும் அவர்களுக்கு ஊரைக் காட்டுகின்றன. செய்திக்கு வேண்டியது வழக்கத்திற்கு மாறான நிகழ்ச்சி. ஒரு தெருவில் ஆயிரம் பேர் விடியற்காலையில் எழுந்து வேலைக்குச் சென்றால் அது செய்தியாகாது. ஒருவர் கத்தியை எடுத்தால் செய்தியாகும். அச்செய்தியில் தெருவின் பெயரும் இடம்பெறும். அடுத்த நாள் அந்த ஆயிரம் பேரும் அப்பெயரைச் சுமக்க வேண்டியவர் ஆவர்.

திரைப்படங்களும் நெடுங்காலம் வடசென்னையை அடியாட்களின் களமாகவே காட்டின. அண்மைக் காலத்தில் இப்போக்கில் மாற்றம் தெரிகிறது. 2014இல் வெளியான 'மெட்ராஸ்', 2021இல் வெளியான 'சார்பட்டா பரம்பரை' ஆகிய படங்கள் அப்பகுதியின் கால்பந்து, குத்துச்சண்டை, தொழிலாளர் வாழ்க்கை ஆகியவற்றைத் திரையில் கொண்டுவந்தன.

இப்பார்வையின் விளைவு பேச்சோடு நின்றுவிடுவதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் ஓர் இளைஞர் தம் முகவரியை எழுதும்போது தயங்குகிறார். வியாசர்பாடியில் வாழ்ந்தாலும் 'பெரம்பூர்ப் பக்கம்' என்று சொல்லிக்கொள்வோர் உளர். வாடகைக்கு வீடு தேடும்போதும் மணம்பேசும்போதும் ஊர்ப்பெயர் ஒருவரை முந்திக்கொண்டு சென்று பதில் சொல்லிவிடுகிறது. தாம் செய்யாத ஒன்றுக்காகத் தம்மை விளக்கிக்கொண்டே இருப்பது பெருஞ்சுமையாகும்.

ஊர்ப்பெயர் திட்டங்களின் போக்கையும் பாதிக்கக்கூடும். 'ஏற்கெனவே மாசடைந்த இடம்தானே' என்னும் எண்ணம் மேலுமோர் ஆலையை அங்கேயே அமைப்பதற்குக் காரணமாகிறது. ஆலை வந்தபின் மாசு மிகுகிறது. பெயர் இன்னும் கெடுகிறது. இவ்வாறு கெட்ட பெயர் கேட்டினை அழைக்கிறது. அக்கேடு அப்பெயரை உறுதி செய்கிறது. நன்மைகளோ மெல்லவே வருகின்றன. சென்னை மெட்ரோ தொடர்வண்டி 2015ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. வண்ணாரப்பேட்டையை 2019இலும், திருவொற்றியூர் வழியாக விம்கோ நகரை 2021இலும்தான் எட்டியது.

ஊரார் பார்வை

வடசென்னையின் குறுகிய தெருக்களில் மாலையில் நடந்தால் கேரம் பலகையைச் சுற்றி இளைஞர் கூடியிருப்பதைக் காணலாம். வெளியாருக்கு அது பொழுதுபோக்கு. ஊராருக்கு அது பயிற்சி. வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008ஆம் ஆண்டில் பிரான்சில் நடைபெற்ற போட்டியில் உலகப் பட்டம் வென்றார். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த, தானி ஓட்டுநரின் மகளான காசிமா 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக்கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப்பதக்கங்கள் பெற்றார். பெரிய மைதானம் வேண்டாத, சிறிய அறையிலும் தெருவிளக்கின் கீழும் ஆடத்தக்க ஒரு விளையாட்டை இடநெருக்கடி மிகுந்த ஓர் ஊர் தனதாக்கிக்கொண்டது இயல்பே. குறையிலிருந்து திறன் பிறந்த கதை இது.

இராயபுரத்திலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய மக்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பர். பதினெட்டாம் நூற்றாண்டுப் பஞ்சத்தின்போது ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. அங்குள்ள கை அறுவை மருத்துவப் பிரிவு நாடறிந்தது. இயந்திரங்களோடு உழைக்கும் மக்கள் நிறைந்த ஊரில் அத்தகைய மருத்துவத்தின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் விற்கப்படும் 'அத்தோ' என்னும் உணவு, பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர் கொண்டுவந்தது. கானாப் பாடலோ இறப்பு வீட்டில் துயர் ஆற்றும் பாட்டாகவும் விளங்கிய கலைவடிவம். வெளியார் கூச்சலாகக் கேட்டதை ஊரார் ஆறுதலாகக் கேட்டனர்.

2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. கரையொதுங்கிய கசடை அகற்றுவதில் மீனவரும் தன்னார்வலரும் பணியாளரும் ஈடுபட்டனர். வாளிகளால் எண்ணெயை அள்ளிக் கைமாற்றிய அக்காட்சியை நாடே கண்டது. அன்று கையில் வாளியேந்தி நின்றோருள் பலர் அக்கடலை நம்பி வாழ்வோர்.

இவற்றைக் கூறுவதனால் ஊரில் குறையே இல்லை என்பது பொருளன்று. வன்முறையும் போதைப்பழக்கமும் அங்கு இல்லை என்று ஊரார் சொல்வதில்லை. அவற்றால் முதலில் துன்புறுவோர் அவர்களே. தம் பிள்ளைகளை அவற்றிலிருந்து காக்க மாலைநேர வகுப்புகளும் விளையாட்டுக் குழுக்களும் நடத்துவோரும் அவர்களே. ஊரார் பார்வைக்கும் ஒரு குறை உண்டு. ஊரின் மீதுள்ள பற்று சிலவேளைகளில் குறைகளை மூடிமறைக்கத் தூண்டும். வீரம் என்ற பெயரில் வன்முறையைப் போற்றவும் செய்யும். வெளியார் காணும் புகையைப் பழக்கத்தின் காரணமாக ஊரார் காணாதிருத்தலும் நிகழும்.

தெரிந்து தெளிவோம்

சென்னை வட்டாரப் பேச்சு பல மொழிகள் சந்தித்த துறைமுக வாழ்வின் பதிவாகும். பணத்தைக் குறிக்கும் 'துட்டு' டச்சு நாணயப் பெயரிலிருந்து வந்தது. சலிப்பைக் குறிக்கும் 'பேஜார்' பாரசீகச் சொல். காலை உணவைக் குறிக்கும் 'நாஷ்டா' உருது வழி வந்தது. கொச்சை என்று ஒதுக்கப்படும் பேச்சில் நகரின் வணிக வரலாறு பதுங்கியிருக்கிறது.

பெயரைப் படிக்கும் முறை

வெளியார் பார்வை தொலைவிலிருந்து எழுவது. அதில் பரப்பு உண்டு, நுட்பம் இல்லை. ஊரார் பார்வை அருகிலிருந்து எழுவது. அதில் நுட்பம் உண்டு, சிலவேளைகளில் நடுநிலை தவறும். இரண்டும் சேரும்போதுதான் ஓர் ஊர் முழுமையாகத் தெரியும். எனினும், இவ்விரு பார்வைகளும் நிகரான வலிமை உடையவை அல்ல. வேலை தருவோரும் திட்டம் தீட்டுவோரும் படம் எடுப்போரும் பெரும்பாலும் வெளியாராகவே இருக்கின்றனர். ஆகவே, அவர்கள் சூட்டும் பெயரே நிலைக்கிறது. கேட்கப்படாத குரலைக் கேட்க முற்படுதலே இங்கு நடுநிலைக்கு முதற்படியாகும்.

ஓர் ஊரைப் பற்றிய பெயரைக் கேட்கும்போது மூன்று வினாக்களை எழுப்பலாம். இப்பெயரைச் சொல்பவர் யார்? இப்பெயருக்குக் காரணமானவை ஊராரின் செயல்களா, ஊரார் மீது சுமத்தப்பட்டவையா? இப்பெயரால் பயன்பெறுவோர் யார், இழப்போர் யார்? வடசென்னையைப் பற்றி இவ்வினாக்களை எழுப்பினால், அழுக்கு என்று நாம் சுட்டுவதில் பெரும்பகுதி நகர் முழுவதற்கும் உரியது என்பது புலனாகும். மின்விளக்கின் ஒளியில் படிக்கும் மாணவருக்கும் எண்ணூரின் சாம்பலுக்கும் தொடர்புண்டு. மெரினாவில் காலாற நடப்பவருக்கும் கரையிழந்த மீனவருக்கும் தொடர்புண்டு.

ஓர் ஊரின் கெட்ட பெயரை எளிதாகச் சொல்லிவிடலாம். அப்பெயரைச் சுமந்துகொண்டு நாள்தோறும் பள்ளிக்கும் வேலைக்கும் செல்வோர், நம் வகுப்பில் நமக்கு அருகிலேயே அமர்ந்திருக்கவும் கூடும். அவரிடம் 'உங்கள் ஊர் எப்படி?' என்று கேட்டு, விடையைப் பொறுமையோடு செவிமடுப்பது எவருக்கும் இயலும் செயலே.